அவர் வரமாட்டார் என்று நான் சொன்னேன்

உமையாள் ஆச்சியை வெளிநாடு போகவிடாமல் தடுத்தவள் நான். அவருடைய மாமியார் தடுக்கவில்லை. பினாங்கில் கடை வைத்திருந்த அவருடைய கணவர் தடுக்கவில்லை. ஊர் வழக்கமும் தடுக்கவில்லை. நான்தான்! ஒரே ஒரு பொய்யால் தடுத்தேன்.

அந்தப் பொய்யை யாரும் என் வாயைப் பிடுங்கி வாங்கவில்லை. நிதானமாக, சிரித்த முகத்தோடு, நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்ட இருவரும் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல், அதற்காக எங்கள் ஊரை இன்னும் கொஞ்சம் கூடுதலாக மதிக்கவும் செய்தார்கள்…

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. மாதந்தோறும் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். கோபப்பட்டேன், புறம் பேசினேன், ஜெபத்தில் மனம் சிதறியது என்று எல்லாவற்றையும் சாமியாரின் காதில் சொல்லிவிடுவேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். முதலில் அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொல் என்பார். அதற்குத்தான் எனக்குத் துணிவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. காரைக்குடிக்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சென்னையில் படித்து, அங்கேயே ஓர் அருங்காட்சியகத்தில் உதவிக் காப்பாட்சியராகச் சேர்ந்திருந்தேன். அறுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. டென்மார்க், ஜப்பான், இந்தியா ஆகிய மூன்று நாட்டுக் காப்பாட்சியர்களும் சேர்ந்து ஒரு கைவினைக் கண்காட்சி நடத்துவதென்று முடிவானது. பழம்பொருள் எதுவும் அதில் கிடையாது. இன்று உயிரோடிருக்கும் ஒருவர், தன் மனத்தில் தோன்றியதைத் தன் கையால் செய்த பொருளாக இருக்க வேண்டும். முதலில் கோபன்ஹேகன், அடுத்துக் கியோட்டோ, கடைசியாகச் சென்னை.

நாட்டுக்கு ஒரு காப்பாட்சியர். மூவரும் சரி என்று சொன்னால்தான் ஒரு பொருள் உள்ளே வரும். ஒருவர் மறுத்தாலும் அது வெளியே. இந்தியாவின் சார்பில் என்னைப் போகச் சொன்னார்கள். வெயிலில் ஊர் ஊராக அலைய மூத்தவர்கள் யாருக்கும் மனமில்லை என்பதே உண்மையான காரணம். எனக்கோ தலைகால் புரியவில்லை!

தெற்கே கிடைக்கும் பொருள்களை ஓரிடத்தில் சேர்த்து, பரப்பிவைத்துப் பார்க்க ஒரு பெரிய கூடம் தேவைப்பட்டது. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரின் செட்டிநாட்டு வீடுகளில் கூடத்துக்கா பஞ்சம்? உமையாள் ஆச்சியின் வீட்டு முன்பாதியை வாடகைக்குப் பிடித்தேன். பின்பாதியில் அவரும் அவருடைய மாமியார் சிகப்பி ஆச்சியும் இருந்தார்கள். செட்டியார் வீட்டுப் பெண்களை எங்கள் பக்கத்தில் வயது பார்க்காமல் ஆச்சி என்பார்கள்; உமையாள் ஆச்சிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். பிள்ளைகள் இல்லை. கணவர் சில வருடங்களுக்கு ஒருமுறை பினாங்கிலிருந்து கப்பலில் வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவார்.

டென்மார்க்கிலிருந்து வந்தவர் ஹென்ரிக். நெடிய மனிதர். எங்கள் ஊர் நிலைவாசல்கள் அவருக்கும் உயரமாக இருந்ததில் அவருக்குப் பெரிய சந்தோஷம். ஜப்பானிலிருந்து வந்தவர் மிச்சிகோ. ஐம்பதை நெருங்கியவர், குள்ளம், அதிர்ந்து பேசமாட்டார். எதைக் கொடுத்தாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். அதன் பிறகுதான் கண்ணைத் திறப்பார்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் என் நெஞ்சு இளகிவிடுகிறது. என் வாழ்க்கையில் அதைப்போல இன்னொரு காலம் வரவில்லை… குற்றம் செய்தவளுக்கு இனிய நினைவுகள் இருக்கலாமா? இருக்கின்றன. என்ன செய்வேன்!

கோபன்ஹேகனிலிருந்தும் கியோட்டோவிலிருந்தும் மரப்பெட்டிகள் வந்து இறங்கிய நாள் கண்ணுக்குள் நிற்கிறது. ஆணியைப் பிடுங்கி மூடியைத் திறந்ததும் இழைப்புச் சுருள்களின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. உள்ளே ஒரு மூன்றுகால் நாற்காலி. ஐஸ்கட்டியைக் குடைந்ததுபோல ஒரு கண்ணாடிக் கிண்ணம். மூங்கில் இழைகளைக் காற்றில் விட்டு அப்படியே நிறுத்திவைத்ததுபோல ஒரு கூடை. எங்கள் பக்கமிருந்து மானாமதுரைக் குயவர் ஒருவரின் கழுத்து சாய்ந்த பானைகள், ஆத்தங்குடித் தளக்கல்லில் இளைஞர் ஒருவர் புதிதாகப் போட்டிருந்த கோணல் கட்டங்கள். தேக்குத் தூண்களுக்கு நடுவே எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு, வெறுங்காலோடு அவற்றுக்கிடையே நடப்போம். நண்பகலில் வெயில் முற்றத்தில் இறங்கும்போது மிச்சிகோ தளத்தின் குளுமையில் நீட்டிப் படுத்துவிடுவார். படுத்தபடியே வாக்களிப்பார்.

சண்டையும் போட்டோம். ஹென்ரிக்குக்கு ஒரே கேள்விதான். "இது எதற்குப் பயன்படும்?" பயன்படாத எதையும் அவர் கைவினை என்று ஒப்புக்கொள்ளமாட்டார். நானும் மிச்சிகோவும் ஒரு பக்கம் நின்று மல்லுக்கட்டுவோம். எங்கள் மூவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. அவரவர் ஊர் உச்சரிப்பில் கோபித்துக்கொள்வோம். சாயங்காலம் சமையல்காரர் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைப்பார். ஹென்ரிக் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுகையால் அடுத்த பணியாரத்தை எடுப்பார். அதோடு சண்டை தீர்ந்துபோகும்.

உமையாள் ஆச்சி இதையெல்லாம் உள்கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, நான் ஒண்ணு பின்னி வச்சிருக்கேன். அவுககிட்டக் காட்டலாமா? நீ சிரிக்கக் கூடாது."

நான் கொட்டானாக இருக்கும் என்று நினைத்தேன். கல்யாணச் சீர் வைக்கும் ஓலைக்கூடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆச்சிமார் பலரும் ஓய்வு நேரத்தில் பின்னுவார்கள். இவர் கொண்டுவந்தது அது இல்லை. இடுப்புயரம் இருந்தது. பனங்குருத்தோலையில், அடியில் ஒடுங்கி, நடுவில் பருத்து, மேலே மறுபடியும் ஒடுங்கி, அப்படியே மூடிக்கொண்டுவிட்டது. வாய் கிடையாது! சாயமும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஒற்றைச் சிவப்பு இழை மேலேறி வந்து, பாதி வழியில் உள்ளே நுழைந்து காணாமல் போனது.

ஹென்ரிக் தன் கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"ஒண்ணுக்கும் ஆகாது. பின்னிக்கிட்டே வந்தேன். மூடணும்போல இருந்துச்சு, மூடிட்டேன்," என்றார் உமையாள் ஆச்சி. பிறகு கொஞ்சம் யோசித்து, "அவுக வீட்டுல எல்லாச் சாமானுக்கும் வேலை இருக்கான்னு கேளு," என்றார்.

கேட்டேன். ஹென்ரிக் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, தன் அம்மா கடற்கரையில் பொறுக்கிவந்த ஒரு கூழாங்கல்லைச் சாகும்வரை சன்னலில் வைத்திருந்ததாகச் சொன்னார். அன்றைக்கு அவர் வாக்களிக்கவில்லை. மறுநாள் காலையில் வந்ததும் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுச் சரி என்றார். மிச்சிகோ முந்தின நாளே கண்ணை மூடித் தடவிப் பார்த்து, கண்ணைத் திறக்காமலே சரி என்று சொல்லியிருந்தார். நானும் சொன்னேன். மனமாரச் சொன்னேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்… அந்த நிமிடம் என் மனத்தில் கள்ளம் இல்லை.

கள்ளம் பிறகு வந்தது.

அதற்குப் பின் மிச்சிகோ மதிய நேரங்களில் வளவுக்குள், அதாவது உமையாள் ஆச்சி இருந்த உள்வீட்டுக்குள், போக ஆரம்பித்தார். இருவரும் முற்றத்து ஓரமாக எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். இவர் ஓலையைக் கிழிப்பார். அவர் மூங்கிலைச் சீவுவார். ஒருவர் பின்னியதை மற்றவர் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பின்னுவார். தொடக்கத்தில் நானும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். போகப் போக என் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஒருநாள் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன ஆச்சி என்று கேட்டேன்.

"ஒனக்குச் சொன்னா விளங்காது, ஸ்டெல்லா," என்றார் உமையாள் ஆச்சி.

எத்தனை சாதாரணமான வார்த்தை! அவர் மனத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அந்த வீட்டிலேயே இரண்டு பேச்சும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு விளங்காதாம்! காப்பித் தட்டை வைத்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது. மிச்சிகோ ஒருநாளும் என்னோடு அப்படிச் சிரித்ததில்லை…

பொறாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் வெறும் பொறாமைதானா? நான் படித்துப் பட்டம் வாங்கி, சென்னையில் தனியாக அறையெடுத்துத் தங்கி, ஊராரின் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, முட்டி மோதி அந்தக் கூடத்துக்குள் வந்தவள். அவரோ உள்கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. இப்படிச் சொன்னால் உங்களுக்கு என்மீது இரக்கம் வருமோ? வர வேண்டாம்.

தேர்வெல்லாம் முடியும் தறுவாயில், ஒரு காலைப் பலகாரத்தின்போது ஹென்ரிக் பேச்சை எடுத்தார். கோபன்ஹேகன் திறப்பு விழாவுக்கு இந்தியாவிலிருந்து ஒருவருக்குத்தான் விமானச் சீட்டு. அது எனக்கென்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அவரும் மிச்சிகோவும் வேறு விதமாக யோசித்திருந்தார்கள். அந்த மூடிய கூடையைச் செய்தவரே அதன் பக்கத்தில் இருக்க வேண்டும், அங்கே வரும் டென்மார்க் கைவினைஞர்களோடு உட்கார்ந்து அவர் வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இருக்குமானால் இந்தப் பேச்சையே விட்டுவிடுவதாக மிச்சிகோ மெதுவாகச் சொன்னார்.

அவர்கள் என்னிடம் நேர்மையாகத்தான் கேட்டார்கள். எனக்கு வருத்தம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்! சொல்லியிருந்தால் நானும் நேர்மையானவளாக இருந்திருப்பேன். சீட்டும் எனக்கே கிடைத்திருக்கும். ஆனால் நான் பெருந்தன்மை உள்ளவளாகவும் தெரிய வேண்டுமே! வருத்தமே இல்லை, இப்போதே ஆச்சியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

வளவுக்குள் போனேன். உமையாள் ஆச்சி ஈர ஓலைகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். என்ன ஸ்டெல்லா என்றார். கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் வேண்டும் என்று கேட்டேன். கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன்.

உட்கார்ந்தேன். சொன்னேன்.

"அவர் வரமாட்டார். கணவர் வெளியூரில் இருக்கும்போது மனைவி கடல் தாண்டுவதை அவர்கள் வழக்கம் அனுமதிக்காது. அப்படி ஒரு அழைப்பு வந்தது என்று வெளியே தெரிவதே அந்தக் குடும்பத்துக்கு அவமானம். தயவுசெய்து இதைப்பற்றி அவரிடம் பேசாதீர்கள்."

ஹென்ரிக்கின் முகம் சிவந்துவிட்டது. கேட்டதற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். மிச்சிகோ உள்கதவுப் பக்கம் திரும்பி லேசாகத் தலை வணங்கினார்.

எப்பேர்ப்பட்ட பொய் பார்த்தீர்களா! நான் சோம்பல்பட்டேன் என்றோ மறந்துவிட்டேன் என்றோ சொல்லிக்கொள்ள வழியில்லை. எந்த வழக்கத்தை எதிர்த்து நான் சென்னைக்குப் போனேனோ, அதையே எடுத்து இன்னொரு பெண்ணின் வாசலில் குறுக்கே வைத்தேன். வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தாண்டிவரமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் நல்லவர்கள். அவர்களுடைய நல்ல குணத்தை நம்பித்தான் பொய் சொன்னேன்…

ஒருவருக்குத்தான் சீட்டாம், என்னையே போகச் சொல்கிறார்கள் என்று உமையாள் ஆச்சியிடம் சொன்னேன். ஒரு கணம் அவர் கை ஓலைமேல் அப்படியே நின்றது. பிறகு, குளிர் ஊரில் பசி எடுக்கும் என்று சொல்லி, அடுத்த நாளே பாசிப்பயறு வறுத்து, நெய் காய்ச்சி, ஒரு டின் நிறைய மாவுருண்டை பிடித்துக் கொடுத்தார்.

மிச்சிகோ ஊருக்குக் கிளம்பியபோது உமையாள் ஆச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அது பிரிவு வருத்தம் என்று இவர் நினைத்தார். அது அனுதாபம் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

கோபன்ஹேகனில் அந்தக் கூடையை அறையின் நடுவில், தரையோடு ஒட்டிய ஒரு வெள்ளைப் பலகையில் வைத்திருந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு அதைச் சுற்றி நடந்தார்கள். சிலர் இரண்டாம் முறையும் சுற்றினார்கள். கண்டாங்கிச் சேலையில் நான் பக்கத்தில் நின்றேன். நீங்கள் செய்ததா என்று பலர் கேட்டார்கள். இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பெயரையும் சொன்னேன். உமையாள், உமையாள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதிலேயே என் நேர்மை நிறைவேறிவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

மிச்சிகோ மேடையில் பேசும்போது, இதைச் செய்தவர் தம் மக்களின் வழக்கத்தை மதித்து வீட்டிலேயே இருந்துவிட்டார், அந்த முடிவுக்கும் நாம் தலை வணங்குவோம் என்றார். கூடியிருந்தவர்கள் தலை குனிந்து நின்றார்கள். நானும் நின்றேன். அன்று மாலை விடுதி அறையில் அந்த மாவுருண்டை டின்னைத் திறந்தேன். சாப்பிட்டேன். தொண்டையில் அடைத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அடைக்கவில்லை. ருசியாக இருந்தது.

திரும்பி வந்ததும் கோட்டையூருக்குப் போனேன். உமையாள் ஆச்சி கேட்டுக் கேட்டுத் தீரவில்லை. எங்கே வைத்தார்கள்? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது? ஜனங்கள் சுற்றிப் பார்த்தார்களா, ஒரு பக்கமாக நின்றுவிட்டுப் போனார்களா? நான் ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில் கேட்டார்.

"மிச்சிகோ எனக்குன்னு ஒண்ணும் சொல்லி விடலையா?"

"நல்லா இருக்கீகளான்னு கேட்டாக, ஆச்சி."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

சரி என்று எழுந்து காப்பி போடப் போனார். சிகப்பி ஆச்சி தூணோரம் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் கட்டுப்பாடு, கண்டிப்பு என்று நான் கற்பனை செய்து வைத்திருந்ததெல்லாம் இந்தக் கிழவியின் முகத்தில்தான். அவர் யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்.

"இவ பின்னுனது அம்புட்டுத் தூரம் போயிட்டு வருது. இவளையும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தாகன்னா அனுப்பியிருப்பேன். மகனுக்கு ஒரு வரி எழுதிப் போட்டா வேணாம்னா சொல்லப்போறான்? பாவம், இங்குட்டும் அங்குட்டும் நடந்துக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் இந்த வீட்டைச் சுத்துவா?"

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. காப்பி வந்தது. குடித்தேன்.

அதன் பிறகு உமையாள் ஆச்சி வாய் மூடிய கூடை எதையும் பின்னவில்லை. கல்யாண வீடுகளுக்குக் கொட்டான் மட்டும் பின்னிக் கொடுத்தார். ஏன் ஆச்சி என்று ஒருமுறை கேட்டேன். மிச்சிகோவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, நாமாகத்தான் ஏதோ பெரிதாக நினைத்துக்கொண்டுவிட்டோம் என்றார். கேட்டீர்களா! என் பொய் ஒரு பயணத்தை மட்டும் தடுக்கவில்லை. தன் கைமேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையையும் கொண்டுபோய்விட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

சில வருடங்களில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. சென்னை வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடிக்கே வந்து, பெண்கள் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில் மிச்சிகோ மறுபடியும் வந்தார். முன்போல கண்காட்சிக்கூட்டம் எதுவும் இல்லை, தனியாகத்தான் வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. என்னை அழைத்துக்கொண்டு கோட்டையூர் போனார்.

மூவரும் வளவில் உட்கார்ந்தோம். மிச்சிகோ நீண்டநாள் மனத்தில் வைத்திருந்ததைச் சொல்பவர்போல ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் பேசினார். அன்று நீங்கள் வர முடியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம். இப்போது கியோட்டோவுக்கு வாருங்கள், என் வீட்டிலேயே தங்கலாம். தேவையானால் உங்கள் மாமியாரிடமும் கணவரிடமும் நானே வந்து அனுமதி கேட்கிறேன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

உமையாள் ஆச்சியும் என்னைப் பார்த்தார்.

கடவுள் ஒருவருக்கு இரண்டாம் முறை வாய்ப்புத் தருவது அபூர்வம். எனக்குத் தந்தார். சொல்லியிருக்கலாம்! சொன்னால் பழையதும் வெளிவந்துவிடும். 'அன்று வர முடியாமல் போனது' என்ற அந்த முதல் வாக்கியத்தை நான் எப்படித் தமிழில் சொல்வேன்?

"ஒங்களைப் பாத்தது ரொம்பச் சந்தோசமாம், ஆச்சி. வீடு அப்படியே இருக்குங்கிறாக," என்றேன்.

"எனக்கும் சந்தோசம்னு சொல்லு," என்று புன்னகையோடு சொன்னார் உமையாள் ஆச்சி.

நான் மிச்சிகோவின் பக்கம் திரும்பினேன். "நன்றி சொல்கிறார். ஆனால் இயலாது என்கிறார்," என்றேன்.

அந்தப் புன்னகையும் என் வார்த்தையும் சேர்ந்து மிச்சிகோவுக்குப் போதுமானதாக இருந்தன. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். இவரும் பதிலுக்குத் தலையாட்டினார். இரண்டு பெண்களும் என் பொய்க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்… முதல் பொய்க்காவது என் வயதைக் காரணம் சொல்லலாம். இதற்கு என்ன காரணம் சொல்வேன்?

இப்போது எழுபதுகளும் முடியப்போகின்றன. சிகப்பி ஆச்சி காலமாகிவிட்டார். உமையாள் ஆச்சி நன்றாக இருக்கிறார். ஆம், உயிரோடுதான் இருக்கிறார்! என் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் அவர் வீடு. இதை உங்களிடம் எழுதுகிற நேரத்தில் அவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

வருகிற தை மாதம் மிச்சிகோ மறுபடி வருகிறார். இதுதான் கடைசிப் பயணமாக இருக்கும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். சேதியைக் கேட்ட மறுநாளே உமையாள் ஆச்சி என் வீட்டுக்கு வந்தார்.

"ஸ்டெல்லா, எனக்கு இங்கிலீஸ் சொல்லிக் குடு. ஒன்னைய எம்புட்டு நாளைக்குத்தான் நடுவுல உக்கார வச்சுத் தொந்தரவு பண்றது? இந்தத் தடவை நானே நாலு வார்த்தை பேசிப் பாக்குறேன்."

என்னால் முடியாது என்று சொல்ல எனக்கு என்ன வழி இருந்தது? பள்ளி விட்டதும் வருகிறார். பெயர் சொல்ல, நலம் விசாரிக்க, சாப்பிட அழைக்கச் சொல்லிக் கொடுத்தேன். சின்ன வயதில் படிக்க ஆசைப்பட்டவர் போலிருக்கிறது. சட்டென்று பிடித்துக்கொள்கிறார். பாடம் முடிந்து போகும்போது ஒவ்வொரு நாளும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். அதுவும் ஆங்கிலத்தில்.

நேற்றுப் பாடத்தின் நடுவில் நிறுத்தினார். "நான் ஒண்ணு கேக்கணும் அவுககிட்ட," என்றார். "அப்ப என்னைய ஏன் கூப்பிடலைன்னு கேக்கணும். கோவமெல்லாம் இல்லை. பத்து வருசமா மனசுல கெடக்கு, தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியா இருக்கும். அதை எப்படிச் சொல்றது?"

பதில் அவர் எதிரிலேயே, என் வாயில்தான் இருந்தது. மிச்சிகோ வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதே இல்லை.

நான் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சொல்லில் அவருக்கு நாக்குப் புரளவில்லை. பொறுமையாகத் திருத்தினேன். மறுபடி சொன்னார். மறுபடி திருத்தினேன். பிழையில்லாமல் வரும்வரை இருவரும் விடவில்லை. சரியாக வந்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. நன்றாகச் சொல்கிறீர்கள் ஆச்சி என்று நான் பாராட்டினேன்.